மாறிய சர்வோவும் மாறாத துடிப்பும்: சென்னையில் மாதிரி விமானக் கட்டுப்பாட்டின் வளர்ச்சி

ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானத்தின் சுக்கான், எலிவேட்டர், ஏலரான் ஆகிய அசையும் பகுதிகளைத் தரையில் நிற்பவரின் கட்டளைக்கேற்பத் திருப்பும் சிறு கருவி சர்வோ எனப்படும். ஒரு மோட்டார், அதன் வேகத்தைக் குறைத்துத் திருப்புவிசையைக் கூட்டும் பல்சக்கரங்கள், வெளி அச்சு நிற்கும் கோணத்தை மின்னழுத்தமாக அறிவிக்கும் பொட்டென்ஷியோமீட்டர், கட்டளையையும் கோணத்தையும் ஒப்பிட்டு வேறுபாடு தீரும்வரை மோட்டாரை ஓட்டும் மின்சுற்று ஆகிய நான்கும் அதனுள் அடங்கும். இவ்வுள்ளமைப்பு பெரிதும் மாறிவந்தபோதும், கட்டளை வடிவம் மாறாது நின்றதே சென்னை மாணவர் பட்டறைகளுக்கு இக்கருவி எளிதில் வசப்பட்டதற்கு முக்கியக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் சகோதரர்கள் 1930களின் பிற்பகுதியில் ‘கஃப்’ என்ற மாதிரி விமானத்தை ரேடியோவால் இயக்கினர். அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட எஸ்கேப்மென்ட் என்னும் அமைப்பில், முறுக்கிய ரப்பர் பட்டையின் விசையை ஒரு மின்காந்தம் விடுவிக்க, சுக்கான் ஒரு பக்கம் முழுதாகத் திரும்பும் அல்லது நடுவில் நிற்கும். இடைப்பட்ட கோணம் கிடையாது. கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியின் குச்சியை நகர்த்தும் அளவுக்கே அசையும் பகுதியும் திரும்பும் விகிதமுறைக் கட்டுப்பாடு 1960களில் நிலைபெற்றபோது, 1 முதல் 2 மில்லிவிநாடி வரை நீளும் மின்துடிப்பு, ஏறத்தாழ 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை அனுப்பப்படுவது வழக்கமாயிற்று. 1.5 மில்லிவிநாடித் துடிப்பு நடுநிலையைக் குறிக்கும். அதைவிடக் குறைந்தால் அச்சு ஒரு பக்கமும் கூடினால் மறுபக்கமும் திரும்பும்.

பழைய அனலாக் சர்வோ, கட்டளைத் துடிப்பு வரும்போது மட்டுமே, அதாவது விநாடிக்குச் சுமார் 50 முறையே, மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தது. கட்டளைக்கும் அச்சின் கோணத்துக்கும் உள்ள வேறுபாடு சிறிதாக இருந்தால் அந்த மின்சாரமும் நொடிப்பொழுதில் நின்றுவிடுவதால், காற்று ஏலரானைச் சற்றே தள்ளும்போது எதிர்த்து நிற்கும் வலு மோட்டாருக்கு இருப்பதில்லை. 1990களின் பிற்பகுதியில் பரவத் தொடங்கிய டிஜிட்டல் சர்வோவில், உள்ளிருக்கும் நுண்கட்டுப்படுத்தி அதே துடிப்பைப் படித்துவிட்டு, மோட்டாரை விநாடிக்கு 300 முறை அல்லது அதற்கும் மேலாக உந்துகிறது. அதனால் பிடிமானமும் துல்லியமும் கூடுகின்றன. பாட்டரி விரைவில் தீர்வதும், அசையாமல் நிற்கும்போதும் மெல்லிய ரீங்காரம் எழுவதும் அதற்குக் கொடுக்கும் விலை.

சென்னையைப் பொறுத்தவரை, 1949இல் குரோம்பேட்டையில் சி. ராஜம் நிறுவிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, வானூர்தியியல், மின்னணுவியல், கருவியியல் ஆகியவற்றை ஒரே வளாகத்தில் கற்பித்தது. சர்வோ இம்மூன்றும் சந்திக்கும் இடமே ஆகும். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவுப் பயிற்சியிலும் மாதிரி விமானக் கலைக்கு இடமுண்டு. எனினும் ரேடியோ கருவிகள் இறக்குமதியையே நம்பியிருந்த நிலையில், 1991க்குப் பின் படிப்படியாகத் தளர்ந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்ற 2005ஆம் ஆண்டு விதிகளும் வழியைத் திறந்தன. சீனத் தயாரிப்பான 9 கிராம் எடை வகை சர்வோக்கள் மலிந்தபின், அசோக் நகர் மாணவர் ஒருவர் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் வாங்கும் சர்வோவின் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சுக் கம்பிகளை ஏற்கெனவே தம்மிடமுள்ள, ரேடியோ கட்டளையை வாங்கும் ரிசீவரில் செருகினாலே போதுமானதாயிற்று. அனலாக் சர்வோவைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் சர்வோவைப் பொருத்தினாலும் பெரும்பாலும் வேறெதையும் மாற்ற வேண்டியதில்லை.

நான்கு விசிறிகளின் சுழல்வேகத்தை மாற்றியே திசைதிரும்பும் குவாட்காப்டர்கள் வந்தபின் சர்வோவின் இடம் சுருங்கியதாகத் தோன்றினாலும், அசையும் பரப்புகளைக் கொண்ட நிலைச்சிறகு விமானங்களுக்கு அது இன்றும் இன்றியமையாதது. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், 25 கிலோகிராமுக்கு மேற்படாமல், கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு போன்ற நோக்கங்களுக்காகக் கண்பார்வைக்குள் பறக்கும் மாதிரி விமானங்களுக்கு வகைச் சான்றிதழிலிருந்து விலக்களிக்கின்றன. ஆயினும் விமான நிலையங்களைச் சுற்றியுள்ள சிவப்பு, மஞ்சள் மண்டலங்களில் பறக்கவிட அனுமதி பெற்றாக வேண்டும். டிஜிட்டல் சர்வோ திறனைக் கூட்டியது உண்மையே. ஆனால் அதைப் பரவலாக்கியவை விலைக்குறைவும், அலைவரிசை விலக்கும், 1960களில் வழக்கமான அதே துடிப்புமே ஆகும்.