மெழுகு உருளையும் எங்கட போனும்

1890 மார்ச்சில் ஜெஸ்ஸி வோல்டர் ஃபியூக்ஸ் என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் கனடா எல்லையோரம் இருந்த ஒரு ஊருக்கு போனோகிராஃப் ஒன்றைக் கொண்டுபோனார். பசமக்வொடி என்ற பழங்குடி மக்களின் பாட்டுகளையும் கதைகளையும் மெழுகு உருளைகளில் பதிந்தார். ஒரு சமூகத்தை அதன் இடத்துக்கே தேடிப்போய்ச் செய்த ஒலிப்பதிவுகளில் இன்றைக்கு மிஞ்சியிருக்கிற மிகப் பழையவை இவைதான். எடிசன் போனோகிராஃபைக் கண்டுபிடித்து அப்போது 13 வருசந்தான் ஆகியிருந்தது.

அந்தக் கருவிக்குள் மைக் கிடையாது. பாடுகிறவர் ஒரு கூம்புக்குக் கிட்ட வாயை வைத்துப் பாடவேண்டும். குரலின் அதிர்வு ஒரு மெல்லிய தகட்டை அசைக்கும், தகட்டோடு சேர்ந்த ஊசி சுழலுகிற மெழுகில் கோடு கீறும். குரலின் பலம் மட்டும்தான் ஊசியைத் தள்ளுகிற சக்தி. அதனால் தள்ளி நின்று பாடினால் ஒன்றுமே பதியாது, மெல்லக் கதைத்தாலும் பதியாது. ஓர் உருளையில் இரண்டு மூன்று நிமிசம்தான் பிடிக்கும். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டால் மெழுகு தேயும். கேட்பதே அழிப்பதாகவும் இருந்த காலம் அது.

இலங்கைக்கும் இந்த உருளைகள் வந்தன. சார்ள்ஸ் செலிக்மனும் அவருடைய மனைவி பிரெண்டா செலிக்மனும் 1907-08இல் இங்கே வந்து வேடர் சமூகத்தை ஆராய்ந்தபோது அவர்களுடைய பாட்டுகளை மெழுகில் பதிந்தார்கள். 1911இல் வெளிவந்த அவர்களுடைய நூலில் அந்த இசையைப் பற்றி சி. எஸ். மயர்ஸ் எழுதிய பகுதியும் உண்டு. உருளைகள் இப்போது லண்டனில், பிரித்தானிய நூலகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. பாடியவர்கள் இங்கே, குரல் அங்கே. எதைப் பதிவது, எங்கே வைப்பது, யார் கேட்பது என்பதையெல்லாம் கருவியைக் கொண்டுவந்தவர்களே தீர்மானித்தார்கள். இந்த விசயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

1925அளவில் இசைத்தட்டுக் கம்பனிகள் மின்சார ஒலிப்பதிவுக்கு மாறின. மைக் வந்ததால் பாடுகிறவர் கத்தத் தேவையில்லாமல் போனது. ஆனால் கருவி பெருத்தது. 1933இல் ஜோன் லோமக்ஸும் அவருடைய மகன் அலனும் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நாட்டார் பாட்டுகளைத் தேடித் திரிந்தபோது, காருக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு போன இசைத்தட்டுப் பதிவுக்கருவியின் நிறை சுமார் 140 கிலோ. லூசியானாவின் அங்கோலா சிறைச்சாலையில், பின்னர் லெட்பெலி என்ற பெயரில் உலகம் அறிந்த பாடகரை அவர்கள் சந்தித்தது அந்தப் பயணத்தில்தான். அலன் லோமக்ஸ் பதிந்ததைப் பாடினவர்களுக்கே போட்டுக் காட்டுகிற வழக்கம் உள்ளவர். தங்கட குரலைத் தாங்களே முதன்முதலாகக் கேட்ட மனிதர்கள் அந்தப் பயணங்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

அதன் பிறகு கருவி சிறுத்துக்கொண்டே போன கதைதான். 1935இல் ஜேர்மனியில் காந்த நாடாவில் பதிகிற மெக்னெற்றோஃபோன் காட்சிக்கு வந்தது. 1962இல் பெல் ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ற், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவரும் எலெக்ரெற் மைக்கை உருவாக்கினார்கள். அதற்கு முந்திய நல்ல மைக்குகள் பலவற்றுக்கு வெளியிலிருந்து உயர் மின்னழுத்தம் கொடுக்கவேண்டும். இது மின்னேற்றத்தைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது, சின்னது, மலிவு. அடுத்த வருசம் பிலிப்ஸ் கசெற்றை வெளியிட்டது. இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் ஒலிப்பதிவு ஆய்வாளர்களின் கையிலிருந்து வீட்டுக்குள் வந்தது.

எங்கட வீடுகளுக்கும் வந்தது. வெளிநாடு போன பிள்ளைக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் கதைத்து அனுப்பின குடும்பங்கள் உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை காரணமாக மின்சாரமும் பற்றரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டதை அந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். ஒலிக்காக இவ்வளவு பாடுபட்ட ஊர் இது.

இப்போது கருவியின் நிறை 200 கிராம். அதற்குள் சிலிக்கனில் செய்த, உளுந்தளவு மைக்குகள் இரண்டு மூன்று இருக்கின்றன. அப்படியிருந்தும் எங்கட பதிவுகள் ஏன் இவ்வளவு மோசமாக இருக்கின்றன? அம்மம்மாவின் தாலாட்டைப் பதிந்து பார்த்தால் காற்றாடிச் சத்தம்தான் கூடக் கேட்கும். கூத்து அண்ணாவியாரின் பேட்டி, கிணற்றுக்குள்ளிருந்து கதைத்த மாதிரி இருக்கும்.

பாதிக் காரணம் கருவியின் பிறப்பில் இருக்கிறது. போன் ஒலிப்பதிவுக்கென்று பிறந்ததில்லை, தொலைபேசியின் பிள்ளை அது. பழைய தொலைபேசிக் கம்பி 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியை மட்டும்தான் கடத்தியது. மனிதக் காது 20,000 ஹேர்ட்ஸ் வரைக்கும் கேட்கும். சொல் விளங்கினால் போதும் என்பதுதான் தொலைபேசியின் இலட்சியம். இன்றைய போனின் மைக் அதைவிட எவ்வளவோ பரந்த ஒலியைப் பிடிக்கும். ஆனால் அதன் மென்பொருளுக்கு அந்தப் பழைய குணம் விட்டுப்போகவில்லை. குரல் தாழ்ந்தால் தானாகக் கூட்டும், உயர்ந்தால் தானாகக் குறைக்கும். ஆச்சி பாட்டை நிறுத்தி மூச்சு வாங்குகிற இடத்தில் காற்றாடிச் சத்தம் எழும்புவது இதனால்தான். ஒரே சீராக வருகிற சத்தத்தை இரைச்சல் என்று எண்ணி வெட்டவும் பார்க்கும். அப்படி வெட்டும்போது சுருதிப் பெட்டியின் நாதமும் அகப்படலாம். எது சத்தம், எது சங்கீதம் என்று எங்களைக் கேளாமலே முடிவெடுக்கிற கருவி அது.

மற்றப் பாதி தூரம். ஃபியூக்ஸ் காலத்துப் பாடகர்களைக் கூம்புக்குக் கிட்ட நிறுத்தின அதே பௌதிகம்தான் இன்றைக்கும். தூரம் இரண்டு மடங்கானால் நேரடியாக வருகிற ஒலியின் செறிவு நாலில் ஒன்றாகும். ஒரு மீற்றர் தள்ளி மேசையில் கிடக்கிற போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்தால், அந்தச் செறிவு கிட்டத்தட்ட 25 மடங்கு கூடும். அறையின் எதிரொலியும் தெருச் சத்தமும் அப்படிக் கூடாது. ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து மைக் வாங்குவதற்கு முதல் செய்யவேண்டிய வேலை, போனைக் கிட்டக் கொண்டுபோவது.

மிச்சமும் காசில்லாத வேலைகள்தான். காற்றாடியை நிற்பாட்டுங்கள். வெறும் சீமெந்துச் சுவருள்ள விறாந்தையை விட, மெத்தையும் திரைச்சீலையும் சேலைகளும் உள்ள அறை நல்லது. துணி எதிரொலியை விழுங்கும். போனை விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லாவிட்டால் கதையின் உச்சத்தில் யாராவது கோல் எடுப்பார்கள். மைக் துவாரம் பெரும்பாலும் கீழ் விளிம்பில் இருக்கும், கையால் மூடவேண்டாம். டப்பை வெறும் மேசையில் வைத்தால் மேசையில் படுகிற ஒவ்வொரு தட்டலும் பதியும், கீழே ஒரு துவாயை மடித்து வையுங்கள். வயர் உள்ள ஹெட்செற்றின் மைக்கைப் பேசுகிறவரின் கழுத்தடியில் குத்திவிட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். முதலில் ஒரு நிமிசம் பதிந்து, ஹெட்செற்றில் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பதிவுச் செயலியின் செற்றிங்ஸில் சுருக்காத வடிவம் இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிற் என்ற சீடித் தரத்தில் ஒற்றைத் தட ஒலி ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 320 எம்பி இடம் பிடிக்கும். ஒரு சினிமாப் படத்தை அழித்தால் கிடைக்கிற இடம் அது. வட்ஸ்அப் குரல் செய்தியாக மட்டும் பதிந்து விட்டுவிடாதீர்கள். அது சுருக்கப்பட்ட ஒலி, போன் பழுதானால் அதோடு போகிற ஒலியும்கூட. மூலக் கோப்பை வேறு இரண்டு இடங்களில் சேமித்து, பேசுகிறவரின் பெயர், ஊர், திகதி மூன்றையும் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறலாம், குரலோடு சேர்ந்த பெயர் மாறாது. இதைப் பதியலாமா, யாரெல்லாம் கேட்கலாம் என்று அவரிடமே கேட்டு, அந்தப் பதிலையும் பதியுங்கள். எங்கட ஊரில் சில கதைகள் சொன்னவருக்கே ஆபத்தாக முடியக்கூடியவை.

இவ்வளவு கரைச்சல் எதற்கு என்றால், பசமக்வொடி உருளைகளுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1979இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன்னிடமிருந்த மெழுகு உருளைகளை நாடாவுக்கு மாற்றத் தொடங்கி, பிரதிகளை உரிய சமூகங்களுக்குக் கொடுத்தது. பிறகு டிஜிற்றல் முறையில் இரைச்சலைக் குறைத்த பிரதிகளும் போயின. அந்தச் சமூகத்தினர் அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கரகரப்புக்குள்ளிருந்து சொல் சொல்லாகப் பொறுக்கி, எழுதி, மொழிபெயர்த்தார்கள். பாடினவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் பிந்திய தலைமுறை அது. மெழுகு தந்த இரைச்சலுக்கு அவர்கள் யாரையும் குறைசொல்ல முடியாது, 1890இல் அதைவிட நல்ல வழி இருக்கவில்லை.

எங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை. கருவி வெளியிலிருந்து வந்த ஆய்வாளரின் கையில் இல்லை, எங்கட காற்சட்டைப் பையில் இருக்கிறது. இடம்பெயர்வை நேரே கண்டவர்களும், ஒப்பாரியை முழுதாக மனப்பாடமாக வைத்திருக்கிறவர்களும், வயல் வேலைப் பாட்டுத் தெரிந்தவர்களும் வருசா வருசம் குறைந்துகொண்டு வருகிறார்கள். அவர்களுடைய குரலைப் பிறகு யாரோ ஒரு பிள்ளை காதில் மாட்டிக் கேட்கும். அந்தப் பிள்ளைக்குச் சொல் விளங்கவேண்டும். இந்த லீவுக்கு ஊருக்குப் போனால் காற்றாடியை நிற்பாட்டிவிட்டு, ஒரு சாண் தூரத்தில் போனைப் பிடியுங்கள்.