மில் சங்கும் பீடித் தட்டும்: தாமிரபரணிக் கரையில் ‘வீட்டிலிருந்தே வேலை’

1/
ஒர்க் ஃப்ரம் ஹோம் நல்லதா, ஆபீஸுக்குப் போறது நல்லதா? 2020 மார்ச் ஊரடங்குல ஆரம்பிச்ச விவாதம் இன்னும் ஓயலை. சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த நம்ம பிள்ளைகள் லேப்டாப்போடு ஊருக்கு வந்தப்போ, ஏதோ புது உலகம் பிறந்த மாதிரி பேசினோம். ஆனால் நெல்லைச் சீமையில் இந்த இரண்டு வகை வேலையும் பல தலைமுறையா பக்கத்துப் பக்கத்திலேயே நடக்குது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். நீளமான பதிவு, பொறுமையா வாசிங்க.

2/
மில் வருவதற்கு முன்னாடி, பத்தமடையில் பாய் முடைவதும் மேலப்பாளையத்தில் தறி நெய்வதும் வீட்டுக்குள்ளேதான். வேலை செய்யும் இடமும் படுக்கும் இடமும் ஒன்று. “வேலைக்குப் போறேன்”, “வேலை விட்டு வந்தேன்” என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

3/
1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் மலையடிவாரத்தில், விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை தொடங்கினாங்க. மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணித் தண்ணீரின் விசைதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம். பின்னாளில் மதுரா கோட்ஸ் ஆனது அதுதான். மில் வந்ததும் கேட் வந்தது, ஷிப்ட் வந்தது, சங்கு வந்தது. சங்கு ஊதினால் உள்ளே போகணும், மறுபடி ஊதினால் வெளியே வரலாம்.

4/
ஆனால் அந்தச் சங்கு யார் கையில் இருந்தது? 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளின் வேலை நேரத்தை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. 1891ல் பெண்களுக்கு 11 மணி நேரம் என்று வரம்பு வந்தது, வார விடுமுறையும் வந்தது. வயது வந்த ஆண்களுக்கு வரம்பு? 1911 வரை கிடையாது. அப்போதும் ஜவுளி ஆலைகளில் நாளைக்கு 12 மணி நேரம்!

5/
இடையில் 1908. அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த தூத்துக்குடியில், ஹார்விகளின் கோரல் மில். வார விடுமுறை சட்டத்தில் எழுதி 17 வருஷம் ஆன பிறகும் அங்கே ஞாயிற்றுக்கிழமை லீவுக்காகப் போராட வேண்டியிருந்தது. பிப்ரவரி 27ல் வேலை நிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றாங்க. ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது: கூலி உயர்வு, குறைந்த வேலை நேரம், ஞாயிறு விடுமுறை. அடுத்த சில நாளில், மார்ச் 12ல், வ.உ.சி. கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது.

6/
வ.உ.சி.யைக் கப்பலோடு மட்டும் நினைக்கிறோம். வாரத்தில் ஒரு நாள் தொழிலாளியின் சொந்த நாள் என்று வாங்கிக் கொடுத்ததிலும் அவர் பங்கு உண்டு. பிறகு சட்டத்தில் வார வரம்பு 1922ல் 60 மணி, 1934ல் 54 மணி, 1946ல் 48 மணி என்று இறங்கி, 1948ஆம் ஆண்டின் சட்டத்தில் நிலைத்தது.

7/
இப்போ ஆற்றின் இன்னொரு பக்கக் கதை. முக்கூடல், கடையம், ஆலங்குளம், மேலப்பாளையம். மடியில் தட்டு, அதில் இலையும் தூளும். பீடி சுற்றும் பெண்களுக்குக் கூலி மணிக்கணக்கில் இல்லை, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு. இலையை ஊற வைப்பது, வெட்டுவது, சுற்றுவது, நூல் கட்டுவது, கடையில் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். எண்ணிக்கை முடியலைன்னா வீட்டில் மற்றவர்களும் உட்காருவாங்க. அந்தக் கைகளுக்குத் தனிக் கூலி கிடையாது.

8/
நல்லது இல்லையா? நிச்சயமா இருக்கு. கைக்குழந்தையை விட்டுட்டுப் போக வேண்டாம், பஸ் செலவு இல்லை, கையில் சொந்தக் காசு. இந்தப் பணத்தில் படித்து வந்தவர்கள் நம்ம ஊரில் ஏராளம். ஆனால் நாள் எப்போ முடியும் என்று சொல்ல ஆளில்லை.

9/
1966ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு. கவனிங்க, இந்த வரம்பு ‘தொழிற்கூடத்துக்கு’ மட்டும். தொழிற்கூடம் என்பதற்கு அந்தச் சட்டம் தந்த விளக்கத்திலேயே குடியிருக்கும் வீடு சேராது! வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று ஒத்துக்கொண்ட அதே சட்டம், அவருடைய நேரத்துக்கு எல்லை போடவில்லை.

10/
கேரளத்தில் அந்தச் சட்டத்தை அமல்படுத்தத் தொடங்கியதும், 1968ல் மங்களூர் முதலாளிகள் கண்ணூர்ப் பக்கத்துக் கூடங்களை மூடினாங்க. வேலை இழந்தவர்கள் 1969ல் தொடங்கிய கூட்டுறவுதான் தினேஷ் பீடி. அந்தக் கூடங்களில் ஒருத்தர் சத்தமா பத்திரிகை வாசிப்பார், அவர் பங்கு பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பாங்க. ஒரே கூரையின் கீழ் இருந்ததால் நடந்தது அது. கோரல் மில்லில் எல்லாரும் சேர்ந்து கையை நிறுத்த முடிந்ததும் அதனால்தான்.

11/
வீட்டில் சுற்றுபவர்கள் சும்மா இருந்துவிடலை. 1974ல் உச்ச நீதிமன்றம் 1966 சட்டம் செல்லும் என்றது. 1985ல் இன்னொரு தீர்ப்பு: சரியில்லாத பீடியைக் கழிக்கும் உரிமை முதலாளியிடம் இருப்பதே கட்டுப்பாடுதான், அதனால் வீட்டில் சுற்றினாலும் பி.எஃப். உண்டு. சேமிப்புக்கு வழி பிறந்தது. நேரத்துக்கு மட்டும் பிறக்கலை.

12/
மருத்துவரா ஒன்று சொல்றேன். குனிந்தே உட்காருவதால் கழுத்து வலி, இடுப்பு வலி. புகையிலைத் தூள் மூச்சில் போகுது, நிகோடின் தோல் வழியாகவும் உள்ளே போகுது. அதே அறையில்தான் பிள்ளையும் தூங்குது. “ரெஸ்ட் எடுங்கம்மா” என்று சீட்டில் எழுதுவது எளிது. எங்கே போய் எடுப்பாங்க? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021ல் வெளியிட்ட ஆய்வு சொல்வது: வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 55 மணிக்கு மேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 35% அதிகம், இதய ரத்தக்குழாய் நோயில் இறக்கும் ஆபத்து 17% அதிகம். வேலை வீட்டிலா வெளியிலா என்று ரத்தக்குழாய் கேட்காது.

13/
தென்காசி மத்தளம்பாறையில் ஜோஹோ 2011லேயே அலுவலகம் திறந்தது. ஊரை விடாமல் ஐ.டி. வேலை பார்க்க முடியும் என்றாச்சு. ரொம்ப நல்ல விஷயம். ஆனால் எந்த கம்பெனியா இருந்தாலும், வீட்டில் இருந்து வேலை பார்க்கும் தம்பி தங்கச்சிகளே, ராத்திரி 11 மணிக்கு “ஒரு சின்ன கால்” என்று வருகிற மெசேஜும், ஆயிரம் முடியாத பீடித் தட்டும் ஒரே வகைதான்.

14/
பிரான்சில் 2017 முதல், வேலை நேரம் முடிந்த பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டத்தில் இருக்கு. இங்கே 2018 டிசம்பரில் சுப்ரியா சுலே மக்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டு வந்தார். சட்டம் வரும்வரை டீமா உட்கார்ந்து பேசி, வேலை முடியும் நேரத்தை எழுத்தில் வாங்குங்க. தனியாக் கேட்டால் கிடைப்பது கஷ்டம். அந்த உரிமை எப்போ வந்தாலும், பீடி சுற்றும் அக்காக்களையும் அதில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்க. அவங்கதான் நம்ம ஊரில் ரொம்ப காலமா வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவங்க.