மேம்படுத்தி (மரபியல்)

மேம்படுத்தி என்பது ஒரு மரபணு எந்த உயிரணுவில், எப்போது, எவ்வளவு வெளிப்பட வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் டி.என்.ஏ. பகுதி ஆகும். இது என்ஹான்சர் எனவும் அழைக்கப்படுகிறது. பொதுவாக இப்பகுதி எந்தப் புரதத்தையும் உருவாக்குவதில்லை. முதல் மேம்படுத்தி 1981 இல், எஸ்.வி.40 எனும் குரங்கு வைரசின் டி.என்.ஏ.வில் இனங்காணப்பட்டது.

செயற்பாடு

படியெடுத்தற் காரணிகள் எனப்படும் புரதங்கள் மேம்படுத்தியுடன் பிணைகின்றன. இடையிலுள்ள டி.என்.ஏ. வளைந்து, அவற்றை மரபணுவின் தொடக்கப் பகுதிக்கு அருகே கொண்டுவருகிறது. இதனால் மேம்படுத்தி மிகத் தொலைவிலோ, வேறொரு மரபணுவின் உள்ளேயோ இருந்தும் செயற்பட இயலும்.

பாற்சர்க்கரைச் செரிமானம்

பாலிலுள்ள இலாக்டோசு என்னும் சர்க்கரையைச் செரிக்க இலாக்டேசு நொதி தேவை. பாலூட்டிகளில் பால்குடிப் பருவத்திற்குப் பின் இந்நொதி குறைந்துவிடுகிறது. மனிதருள் ஒரு சாராருக்கு மட்டும் அது வாழ்நாள் முழுவதும் சுரக்கிறது. இரு சாராரிடமும் நொதிக்கான மரபணு பழுதின்றியே உள்ளது. வேறுபாடு அதன் மேம்படுத்தியில்தான். மரபணுவின் தொடக்கத்திற்கு 13,910 எழுத்துகள் முன்பாக, அண்டையிலுள்ள எம்.சி.எம்.6 மரபணுவினுள், சி என்ற எழுத்து டி என மாறியிருப்பதை 2002 இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மாறிய வடிவத்துடன் ஆக்ட்-1 என்ற காரணி வலுவாகப் பிணைகிறது.

இந்தியரிடம் காணப்படும் இதே மாற்றம் இங்குத் தனியே தோன்றியதன்று, ஐரோப்பியருடன் பொது மூலம் உடையது என 2012 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தினரும் இதில் பங்கேற்றனர். நாட்டின் வடமேற்கில் மிகுந்து காணப்படும் இம்மாற்றம் தென்கிழக்கு நோக்கிக் குறைகிறது. எனவே தமிழகத்தில் வளர்ந்தோர் பலருக்குப் பால் ஒவ்வாதிருப்பது நோயன்று, பாலூட்டிகளின் பழைய இயல்பே. தயிரில் நுண்ணுயிர்கள் இலாக்டோசின் ஒரு பகுதியை நொதிக்கச் செய்துவிடுவதால் அது பெரும்பாலும் எளிதாகச் செரிக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்க மேய்ச்சல் இனத்தாரிடம் இதே மேம்படுத்தியில் வேறோர் எழுத்து மாறியிருப்பது 2007 இல் அறியப்பட்டது.

படிவளர்ச்சி

ஒரு புரதம் மாறினால் அது பயன்படும் எல்லா உறுப்புகளும் பாதிக்கப்படலாம். ஆனால் ஒரே மரபணுவுக்குப் பல மேம்படுத்திகள் இருக்கக்கூடும். அவற்றுள் ஒன்று மாறினால் ஓர் உறுப்பு மட்டுமே மாறும். விலங்குகளின் உடலமைப்பு வேறுபாடுகளில் மேம்படுத்திகள் பெரும்பங்கு வகிப்பது இதனாலேயே.

சானிக் எட்சாக் மரபணுவைக் கால் முளைகளில் இயக்கும் மேம்படுத்தி, அம்மரபணுவிலிருந்து ஏறத்தாழ பத்து இலட்சம் எழுத்துகள் தள்ளி அமைந்துள்ளது. 2016 இல் எலியின் இம்மேம்படுத்திக்கு மாற்றாக மலைப்பாம்பினுடையதைப் பொருத்தியபோது எலிக்குக் கால்கள் குன்றின. பாம்பின் வரிசையில் விடுபட்டிருந்த 17 எழுத்துகளைச் சேர்த்தபின் கால்கள் மீண்டும் வளர்ந்தன.