ஒரு பெயர், பல மூதாட்டியர்

கிரேக்கத் தொன்மத்தில் கிளியோபாத்ரா என்னும் பெயருடையோர் பலர். மெலியாகரின் மனைவி ஒருத்தி. வாடைக்காற்றின் கடவுளாகிய போரியாசின் மகள் மற்றொருத்தி. கணவன் பெயரையோ தந்தை பெயரையோ சொல்லித்தான் அவர்களைப் பிரித்தறிய இயலும்.

நீலகிரியில் நிலை வேறு. படகர் வணங்கும் 'ஹெத்தை' இயற்பெயரன்று. பாட்டியைக் குறிக்கும் உறவுச்சொல். கோத்தகிரியை அடுத்த பேரகணியின் ஹெத்தையே பெரிதும் அறியப்பட்டவள். எனினும் பிற ஊர்களிலும் ஹெத்தைக்குக் கோயில்கள் உண்டு. கதைகளும் ஊருக்கு ஊர் வேறுபடும். இங்கே அடையாளம் தருவது ஆடவன் பெயரன்று, ஊர்ப்பெயர். இது நம் கவிஞர்கள் எண்ணத்தக்கது.

ஔவையின் செய்தியும் இதனோடு ஒத்ததே. மூதாட்டியையும் தாயையும் சுட்டும் சொல்லே அங்கும் பெயராய் நின்றது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற சங்கப் புலவர் வேறு. ஆத்திசூடி பாடிய பிற்காலத்தவர் வேறு. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபின் முன்னவரின் பாடல்கள் பலர் கைக்கும் எட்டின. ஆயினும் 1953இல் வெளிவந்த 'ஔவையார்' திரைப்படத்தில் கே.பி. சுந்தராம்பாள் ஏற்ற கோலமே மக்கள் மனத்தில் ஔவையாக நிலைத்தது. கோலூன்றிய அவ்வுருவைச் சங்கப் புலவர்மீதும் ஏற்றிவிட்டோம். அவருடைய புறநானூற்று 89ஆம் பாடலிலோ, பகைவேந்தன் விளித்து வினவுவது மைதீட்டிய கண்களையுடைய இளம் விறலி ஒருத்தியை.