72ஆ, 73ஆ? விழிஞ்ஞத்தில் படித்த கணக்கு

டொராண்டோ பக்கம் பையன் வளர்க்கும் தமிழ் வீடுகளில் இந்தப் பட்டிமன்றம் ஒரு தடவையாவது நடந்திருக்கும். 1995-96 சிகாகோ புல்ஸ் பெரிய அணியா, 2015-16 கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் பெரிய அணியா? என் மகனுக்குப் பதினாலு வயது. ஜோர்டன் ஆடியதை யூடியூபில் பார்த்ததோடு சரி. "அப்பா, 73 பெருசா, 72 பெருசா? அவ்வளவுதான் கணக்கு" என்கிறான்.

தெரியாதவர்களுக்காக: பாஸ்கட்பால் லீக்கில் ஒரு சீசனுக்கு 82 ஆட்டம். புல்ஸ் 72 ஜெயித்து 10 தோற்றது. இருபது வருடம் கழித்து வாரியர்ஸ் 73 ஜெயித்து 9 தோற்றது. ஆனால் புல்ஸ் அந்த வருடம் சியாட்டிலை 4-2 என்று முடித்துக் கோப்பையும் எடுத்தது. வாரியர்ஸ் இறுதிச் சுற்றில் கிளீவ்லாந்துக்கு எதிராக 3-1 என்று முன்னால் இருந்துவிட்டு 4-3 என்று கோட்டை விட்டது. நான் இதைச் சொன்னால், "அது வேற, இது வேற" என்பான். பதினாலு வயதில் எல்லாமே வேறதான்.

இதே தலைமுறைச் சண்டையில் பழைய பாஸ்டன் செல்டிக்ஸையும் இழுப்பவர்கள் உண்டு. 1957 முதல் 1969 வரை 13 சீசனில் 11 பட்டம். அதை யாரும் இனிமேல் தொடப் போவதில்லை. ஆனால் அந்த வருடங்களில் பெரும்பாலும் லீக்கில் இருந்ததே எட்டு, ஒன்பது அணிகள்தான். இன்றைக்கு 30. எட்டு பேர் எழுதின பரீட்சையில் முதல் ரேங்க் வாங்கியவனையும் முப்பது பேரில் வாங்கியவனையும் எப்படி ஒப்பிடுவது?

நான் பி.காம். இந்த மாதிரி சிக்கல் வந்தால் எனக்குப் புள்ளியியல் பேப்பர்தான் ஞாபகம் வரும். விலைவாசிக் குறியீட்டெண் போட லாஸ்பியர் என்று ஒருவர் ஒரு வழி சொன்னார், பாஷே என்று இன்னொருவர் இன்னொரு வழி சொன்னார். வித்தியாசம் இவ்வளவுதான். அந்தக் காலத்தில் வீட்டுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு மண்ணெண்ணெய் வாங்கினோமோ அந்த அளவுகளை வைத்து இரண்டு காலத்து விலையையும் பார்ப்பது லாஸ்பியர். இன்று வாங்கும் அளவுகளை வைத்துப் பார்ப்பது பாஷே. இரண்டும் சரி. இரண்டும் ஒரே விடையைத் தராது.

அணிகளுக்கும் அதேதான். இன்றைய ஆட்டத்தில் மூன்று புள்ளி எறிதலுக்குத்தான் எடை. வாரியர்ஸ் அந்த ஒரே சீசனில் 1,077 மூன்று புள்ளிகள் போட்டது, அதில் கறி மட்டும் 402. அந்த எடையில் அளந்தால் புல்ஸ் சின்னதாகத் தெரியும். 1971-72 லேக்கர்ஸ் தொடர்ந்து 33 ஆட்டம் ஜெயித்தது. அப்போது மூன்று புள்ளிக் கோடே கிடையாது, அது 1979-80இல்தான் வந்தது. போதாக்குறைக்கு, புல்ஸ் 72 ஜெயித்த வருடத்தில் அந்தக் கோட்டையே கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டிருந்தார்கள். இப்படிப் போனால் விடிய விடியப் பேசலாம்.

சரி, நான் சொல்ல வந்தது அமெரிக்கக் கதை இல்லை. இந்த வழக்கை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது விழிஞ்ஞம். பந்து மட்டும் வேறு. அங்கே கால்பந்து.

நாகர்கோவில்காரனான எனக்கு 2005இலிருந்து மூன்று வருடம் விழிஞ்ஞம் பக்கத்தில் ஒரு கிளையில் வேலை. ஊரைத் தெரியாதவர்களுக்கு: திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கோவளத்தை ஒட்டின மீன்பிடித் துறைமுகம். 2025 மே 2ஆம் தேதி பிரதமர் திறந்து வைத்த பெரிய சரக்குத் துறைமுகத்தால் இப்போது எல்லோருக்கும் பெயர் தெரியும். அப்போது எங்களுக்கு அது மீன் ஏலம், பள்ளிவாசல், மாதா கோயில், அப்புறம் பந்து. அங்கிருந்து கடற்கரையோடு தெற்கே போனால் பூவார், பொழியூர். பொழியூர் தாண்டினால் நீரோடி, நம்ம கன்னியாகுமரி மாவட்டம். இந்தக் கரை முழுக்க மணலில் வெறுங்காலில் பந்து தட்டுகிற பிள்ளைகள். கட்டுமரமும் வலையும் எப்படிப் பொதுவோ, பந்தும் அப்படியே பொது. எல்லைக்கு இந்தப் பக்கம் தூத்தூரிலும் அதேதான்.

என் கிளைக்குப் படகுக் கடன் தவணை கட்ட வருகிற பெரியவர்கள் கவுண்டரில் நின்றே பந்து பேசுவார்கள். வழக்கு இதுதான்: கேரளத்தின் மிகப் பெரிய அணி எது? 1973 அணியா, போலீஸ் அணியா, அதற்குப் பின்னால் வந்ததா?

1973க்காரர்கள் கட்சி வயதானவர்களுடையது. மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராபி 1941இல் தொடங்கியது. கேரளம் அதை முதலில் தொட்டது 1973 டிசம்பரில், எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில். ரயில்வேயை 3-2 என்று ஜெயித்தார்கள். மூன்று கோலும் கேப்டன் டி.கே.எஸ். மணி போட்டது. பயிற்சியாளர் 1960 ரோம் ஒலிம்பிக்குக்குப் போன சைமன் சுந்தர்ராஜ். ஜாபர், நஜிமுதீன், கோல் காப்பாளர் விக்டர் மஞ்ஞிலா என்று பெயர்களைச் சாமி பெயர் மாதிரிச் சொல்வார்கள். மணியைக் கடைசி வரைக்கும் 'கேப்டன் மணி' என்றே கூப்பிட்டார்கள்.

ஆனால் விழிஞ்ஞத்தில் பெரும்பான்மைக் கட்சி போலீஸ்தான். கேரள போலீஸ் அணி 1990இல் திருச்சூரில் சால்கோக்கரை 2-1 என்று தோற்கடித்துப் பெடரேஷன் கோப்பையை எடுத்தது. கேரளத்திலிருந்து அதை ஜெயித்த முதல் அணி. 1991இல் கண்ணூரில் மஹிந்திராவை 2-0 என்று ஜெயித்து மறுபடியும் எடுத்தது. வி.பி. சத்யன், ஐ.எம். விஜயன், சி.வி. பாப்பச்சன், ஷரப் அலி, குரிகேஷ் மேத்யூ, கோலில் கே.டி. சாக்கோ. அந்தக் காலத்து போலீஸ் அணி என்றால் இவர்கள்தான். விஜயன் திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன். 2025இல் பத்மஸ்ரீ வாங்கினார்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. போலீஸ் அணி தலை தூக்கின அதே காலத்தில் கேரள மாநில அணி சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டத்துக்குத் தொடர்ந்து ஏழு தடவை போனது. 1987-88இல் கொல்லத்தில் பஞ்சாபிடம் பெனால்டியில் தோல்வி. அடுத்த வருடம் குவாஹாட்டியில் வங்காளத்திடம், அதுவும் பெனால்டி. அப்புறம் கோவாவிடம், அப்புறம் பாலக்காட்டில் சொந்த ஜனங்கள் முன்னால் மகாராஷ்டிராவிடம். நாலு வருடம் நாலு இறுதி ஆட்டம், நாலும் போச்சு. ஐந்தாவது தடவை, 1991-92இல், நம்ம கோயம்புத்தூரில் சத்யன் தலைமையில் கோவாவை 3-0. அடுத்த வருடம் கொச்சியில் குரிகேஷ் மேத்யூ தலைமையில் மகாராஷ்டிராவை 2-0. அதற்கடுத்து கட்டாக்கில் வங்காளத்திடம் மறுபடியும் பெனால்டியில் தோல்வி. ஏழில் இரண்டுதான் ஜெயம். கோப்பையை மட்டும் எண்ணினால் இது சாதாரணக் கணக்கு.

ஒரு பெரியவரிடம் இதைத்தான் சொன்னேன், ஏழில் ஐந்து தோற்ற அணியைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்களே என்று. "சாரே, கப்பு எத்தனன்னு கேக்காதீங்க. எதிர்ல நின்னவன் ஆருன்னு கேளுங்க" என்றார். லாஸ்பியரும் பாஷேயும் இரண்டு பக்கத்தில் சொன்னதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

எதிரில் நின்றது யார் என்று பார்த்தால் நிறைய மாறுகிறது. தேசிய லீக் 1996இல்தான் வந்தது. அதற்கு முன்னால் இந்தியாவின் நல்ல ஆட்டக்காரர்கள் தங்கள் மாநிலத்துக்காகச் சந்தோஷ் டிராபி ஆடினார்கள். வங்காளம், கோவா, பஞ்சாப் என்றால் பாதி இந்திய அணி எதிரில் நிற்கும். 2014இல் ஐ.எஸ்.எல். வந்த பிறகு பெரிய பெயர்களெல்லாம் கிளப்புகளோடு போய்விட்டன. சந்தோஷ் டிராபி மேலே ஏற ஆசைப்படும் பையன்களின் மேடையாகிவிட்டது. 2022 மே 2ஆம் தேதி மஞ்சேரியில் வங்காளத்தைப் பெனால்டியில் 5-4 என்று ஜெயித்தார்களே, ஏழாவது பட்டம், அதை நான் இங்கே செல்போனில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். அரையிறுதியில் ஜெசின் மாற்று ஆட்டக்காரராக இறங்கி ஐந்து கோல் போட்டதை மறக்க முடியாது. ஆனாலும் 1992 கோப்பையும் 2022 கோப்பையும் ஒரே ரூபாய் இல்லை. பெயர் ஒன்றுதான், வாங்கும் சக்தி வேறு.

இதற்கு எதிர்க்கட்சி வாதமும் பலமானது, அதை மறைக்கக் கூடாது. 2017இல் ஆரம்பித்த கோகுலம் கேரளா 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து ஐ-லீக் ஜெயித்தது. நடுவில் தொடர்ந்து 21 ஆட்டம் தோல்வியே இல்லை. ஐ-லீக் அப்போது இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது, எதிரில் யார் இருந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். ஆனால் 2022 மே 14இல் பட்டம் வாங்கின நாலாவது நாள், அதே கொல்கத்தாவில், ஐ.எஸ்.எல். அணியான ஏ.டி.கே. மோகன் பகானை ஏ.எப்.சி. கோப்பையில் 4-2 என்று அடித்தார்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், இத்தாலியப் பயிற்சியாளர், வீடியோ, உடற்பயிற்சி நிபுணர் எல்லாம் உண்டு. இன்றைய வேகத்தில் ஒரு ஆட்டம் வைத்தால் 1990 போலீஸ் அணி இடைவேளைக்கு அப்புறம் மூச்சு வாங்கும். என் மகன் கட்சிதான் இங்கே ஜெயிக்கும்.

என் வரிசை இது: போலீஸ் முதலில். ஒரு வெளிநாட்டுக்காரர்கூட இல்லாமல், தன் மாநிலத்துப் பையன்களை மட்டும் வைத்து, நாட்டின் பெரிய கிளப்புகளைத் தாண்டிப் போனது. கோகுலம் இரண்டாவது. 1973 மூன்றாவது. ஒரே கோப்பைதான், சொந்த மண்ணில்தான், ஆனால் ஏட்டில் முதல் வரவு அது. 1997இல் ஆரம்பித்த வருடமே மோகன் பகானை 3-1 என்று ஜெயித்து டூரண்ட் கோப்பை எடுத்த எப்.சி. கொச்சினையும் சேர்க்க ஆசைதான். கேரளத்தின் முதல் தொழில்முறை கிளப். 2002இல் அணியே இல்லை. ஐந்து வருடத்தில் இழுத்து மூடின கம்பெனிக்கு எந்த பாங்க்காரன் நல்ல ரேட்டிங் கொடுப்பான்?

இங்கே விழிஞ்ஞத்துக்காரர்கள் விடமாட்டார்கள். அவர்கள் கணக்கில் இன்னொரு பத்தி உண்டு: வேலை. போலீஸ், டைட்டானியம், மின்வாரியம், ஸ்டேட் பாங்க் ஆப் திருவாங்கூர் எல்லாம் பந்து ஆடுகிறவனுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள நாற்காலி கொடுத்தன. கடலுக்குப் போகிற வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. என் கிளையில் அப்பா பெயரில் படகுக் கடன், பிள்ளை பெயரில் சம்பளக் கணக்கு, இரண்டையும் ஒரே வீட்டில் பார்த்திருக்கிறேன். தவணை தவறாமல் வரும். அணி எத்தனை கோப்பை எடுத்தது என்பதைவிட, எத்தனை பையன்களைக் கடலிலிருந்து கரைக்கு இழுத்தது என்பதுதான் அவர்களுக்கு அளவு. இது அணியின் பெருமையா, ஆளெடுக்கும் விதியின் பெருமையா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. ஆனால் 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் அந்தக் கரை பட்ட பாடு நமக்குத் தெரியும். நாலு மாதம் கழித்து, 2018 ஏப்ரல் 1இல் கொல்கத்தாவில் சந்தோஷ் டிராபி எடுத்த கேரள அணியில் பொழியூர் சீசன் இருந்தார். அன்றைக்கு அந்தக் கரையில் யாரும் குறியீட்டெண் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

திருவாங்கூர் பாங்க் 2017 ஏப்ரல் 1இல் ஸ்டேட் பாங்கோடு சேர்ந்து பெயரே போய்விட்டது. இப்போது விழிஞ்ஞத்தில் பழைய கேரள ஆட்டக்காரர் எபின் ரோஸ் ஆரம்பித்த கோவளம் எப்.சி. மீனவப் பிள்ளைகளைத் தேற்றி எடுக்கிறது. அடுத்த தலைமுறைக்கு நாற்காலி எங்கே இருக்கிறது என்பது வேறு கேள்வி.

நான் அங்கே இருந்தபோதுதான், 2006 ஜூலை 18, சத்யன் போன செய்தி வந்தது. சென்னை பல்லாவரத்தில் ரயில் மோதி. வயது 41. கடைசியில் இந்தியன் பாங்கில் வேலை பார்த்தார், நம்ம ஜாதி என்று எனக்கு ஒரு தனி ஒட்டுதல். கவுண்டரில் அன்றைக்கு யாரும் 1973 பேசவில்லை. 2018இல் ஜெயசூர்யா நடித்து 'கேப்டன்' என்று படம் வந்தது, அவர் கதைதான். பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

கோயம்புத்தூரில் அந்த 3-0 இறுதி ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் எழுதுங்கள். கேலரி எவ்வளவு நிறைந்திருந்தது, தமிழ் ஜனம் யாருக்குக் கை தட்டியது என்று தெரிந்துகொள்ள ரொம்ப நாளாக ஆசை.