சாட்சி என்னும் சொல்: பண்டித ரமாபாயும் உடைவைப் பொதுவில் சொல்லுதலும்

பஞ்சத்தில் நலிந்து மரணப் படுக்கையில் கிடந்த தாய் கம்பு ரொட்டி கேட்டாள். பதினாறு வயது மகள் அருகிலிருந்த ஒரு பிராமணப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்றாள். அந்தப் பெண் அன்பாகவே பேசினாள். ஆனாலும் மகளால் வாய் திறந்து பிச்சை கேட்க இயலவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது. குறிப்பறிந்து அப்பெண்ணே உணவு வேண்டுமா என்று கேட்ட பின்னர்தான், கொஞ்சம் ரொட்டி வேண்டும் என்ற சொல் வெளிவந்தது. நன்றி கூறவும் நாவெழாமல் அவள் தாயிடம் ஓடினாள். அந்த ரொட்டியை உண்ணும் வலிமை தாய்க்கு எஞ்சியிருக்கவில்லை.

அந்த மகள் பண்டித ரமாபாய் (1858–1922). இந்நிகழ்ச்சி 1870களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அவர் இதை எழுதியதோ ஏறத்தாழ இருபதாண்டுகள் கழித்து, 1896–97 பஞ்சத்தின்போது. வாசலில் நின்று சொல்ல முடியாத ஒன்றை, முகமறியாத ஆயிரம் பேர் வாசிக்கும்படி ஒரு பெண் ஏன் எழுதினார் என்பதே இப்பதிவின் கேள்வி. கிறித்தவ மரபில் தன் உடைவை மறைக்காமல் சொல்லுதல் நம்பிக்கையின் செயலாகவே கொள்ளப்படுகிறது. அச்செயல் எந்த நிலையில் சொல்பவரை விடுவிக்கிறது, எந்த நிலையில் அவரைப் பிறர் கையிலுள்ள சான்றுப் பொருளாக மாற்றுகிறது என்பதை ஆராய, ரமாபாயின் எழுத்துகளைக் காலவரிசையில் வைத்து வாசிப்பது பயன் தரும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ்த் திருச்சபைகளில் ‘சாட்சி சொல்லுதல்’ என்பது ஒருவர் எழுந்து நின்று தம் வீழ்ச்சியையும் மீட்பையும் கூறுவதைக் குறிக்கும். மராத்தியிலும் இதே வடசொல்லின் திரிபே வழங்குகிறது. சாட்சி என்பவர் நேரில் கண்டவர் என்பது பாணினி தரும் விளக்கம். அத்வைத மரபில் இச்சொல் மேலும் ஒரு படி உயர்ந்தது: அங்கே சாட்சி என்பது நிகழ்வன அனைத்தையும் காண்பது, ஆனால் எதனாலும் பாதிக்கப்படாதது. கிறித்தவ வழக்கில் இதே சொல் நேர் எதிர்த் திசையில் நகர்ந்தது. கிரேக்கத்தில் சாட்சியைக் குறித்த ‘மார்ட்டிஸ்’ என்னும் சொல்லே பின்னர் நம்பிக்கைக்காக உயிர் துறந்தவரைக் குறிக்கலாயிற்று. இங்கே சாட்சி பாதிக்கப்பட்டவர். பட்ட காயமே அவர் பேசுவதற்கான தகுதி.

இதனோடு இன்னும் இரு சொற்களைச் சேர்த்துக் காணலாம். 51ஆம் சங்கீதம் இறைவன் ஏற்கும் பலியாக உடைந்த உள்ளத்தைச் சொல்கிறது. அங்கே வரும் எபிரேய வினையடி ‘ஷாபர்’, மட்பாண்டம் உடைவதற்கும் எலும்பு முறிவதற்கும் வழங்கும் அன்றாடச் சொல். அடுத்தது, அகுஸ்தீன் ஏறத்தாழ 397 முதல் 400 வரையிலான காலத்தில் எழுதிய நூலின் தலைப்பில் உள்ள இலத்தீன் சொல். அது குற்றத்தை ஒப்புக்கொள்ளுதலையும் இறைவனைப் புகழ்தலையும் ஒருசேரக் குறிக்கும். தன் இழிவைச் சொல்வதும் இறைவனின் பெருமையைச் சொல்வதும் அம்மரபில் ஒரே வினையாகிவிட்டன.

ஆனால் யார் முன்னிலையில் சொல்வது என்பதில் திருச்சபை வரலாறு ஒரே வழியில் செல்லவில்லை. யாக்கோபு நிருபத்தின் 5ஆம் அதிகாரம், நம்பிக்கையாளர் ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிட வேண்டும் என்கிறது. அதில் மேல் கீழ் இல்லை. 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கம், ஆண்டுக்கு ஒருமுறையேனும் குருவிடம் தனியே பாவ அறிக்கை செய்வதைக் கட்டாயமாக்கியது. 1738இல் ஜான் வெஸ்லி சிறு குழுக்களுக்கென வகுத்த விதிகள், உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் குறைகளைக் குழுவினர் முன் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் எனக் கேட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீர்திருத்தச் சபை மிஷனரிகள் வழியாக இந்தியாவுக்கு வந்த சாட்சி மரபு இந்த மூன்றாம் வழியின் வழித்தோன்றல். மிஷேல் ஃபூக்கோ 1976இல் பாலியலின் வரலாற்றை எழுதத் தொடங்கியபோது ஆராய்ந்தது பெரும்பாலும் இரண்டாம் வழியை: கேட்பவர் அதிகாரத்தில் இருக்க, சொல்பவர் தம்மைப் பற்றிய உண்மையைத் தாமே உற்பத்தி செய்து கொடுக்கும் ஏற்பாடு. அவ்விளக்கத்தை இந்தியச் சாட்சிகள் அனைத்தின் மீதும் அப்படியே பொருத்திவிடுவது எளிது. ரமாபாயின் வாழ்க்கை அந்த எளிமைக்கு இடம் தருவதில்லை.

அவரது முதல் பொதுச் சாட்சியம் சமயம் சார்ந்ததன்று. 1882இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் பெண் ஆசிரியர், பெண் மருத்துவர் ஆகியோரின் தேவையைப் பற்றி மராத்தியில் பேசினார். பெண்ணுக்குச் சமஸ்கிருதம் கற்பித்ததால் தம் தந்தை அனந்த சாஸ்திரி டோங்கரே பட்ட துன்பத்தைத் தம் தகுதியாக முன்வைத்தார். அதற்குள் அவர் பெற்றோரையும் தமையனையும் இழந்திருந்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில் கணவரையும் இழந்து, கைக்குழந்தையோடு விதவையாக நின்றார். ஆயினும் குழுவின் முன் ஒலித்தது பெண் சமூகத்தின் பொதுக்குரலாகவே இருந்தது.

1883 செப்டம்பரில் இங்கிலாந்தின் வாண்டேஜ் நகரில் அவர் திருமுழுக்குப் பெற்றார். 1887இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘உயர்சாதி இந்துப் பெண்’ என்னும் அவரது நூலில் ஒரு கூறு கவனத்திற்குரியது. பெண்களின் நிலையை அவர் படர்க்கையில் விளக்குகிறார். அவருடைய சொந்தத் துயரக் கதையை வாசகருக்குச் சொல்வது, முன்னுரை எழுதிய பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியின் தலைவர் ரேச்சல் பாட்லி. நூல் ரமாபாயுடையது, அவர் உடைந்த கதையைச் சொல்லும் வாய் மற்றொருவருடையது. நிதி திரட்டும் நோக்கில் ஒருவரின் துயரம் மற்றொருவரின் மொழியில் சுற்றுக்கு விடப்படும் முறை இன்றைய தொண்டு நிறுவன அறிக்கைகளை அறிந்தோர்க்குப் புதிதன்று.

அதே ஆண்டுகளில் வாண்டேஜ் ஆங்கிலிக்கன் கன்னியர் சமூகத்தைச் சேர்ந்த சகோதரி ஜெரால்டினுக்கும் அவருக்கும் இடையே கடிதப் போர் ஒன்று நடந்தது. திரியேகம் முதலிய கோட்பாடுகளில் அவருக்கிருந்த ஐயங்களைத் திருச்சபையார் செருக்கு என்று கண்டனர்; பணிவை எதிர்பார்த்தனர். இந்தியப் புரோகிதர்களின் நுகத்திலிருந்து அரும்பாடுபட்டு விடுபட்ட தமக்கு அதைப் போன்ற மற்றொரு நுகத்தை ஏற்க விருப்பமில்லை என்னும் கருத்தில் ரமாபாய் பதில் எழுதினார். இக்கடிதங்களை முன்வைத்துக் கௌரி விஸ்வநாதன் 1998இல் வெளியான ‘அவுட்சைட் தி ஃபோல்டு’ என்னும் நூலில் ஒரு முக்கிய இயலே எழுதியுள்ளார். நம் கேள்விக்கு இதிலிருந்து கிடைப்பது இதுதான்: மேலிருந்து கேட்கப்பட்டபோது ரமாபாய் தம்மைத் திறந்து கொடுக்கவில்லை. பணிதலையும் உடைதலையும் அவர் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவில்லை.

இந்தியா திரும்பி 1889இல் மும்பையில் தொடங்கிய சாரதா சதன் அடுத்த ஆண்டு புனேவுக்கு இடம்பெயர்ந்தது. 1893இல் மதமாற்றக் குற்றச்சாட்டு எழுந்தது. ரானடே, பண்டார்கர் முதலியோர் இருந்த ஆலோசனைக் குழு விலகிற்று. மாணவியர் பலர் திரும்ப அழைத்துக்கொள்ளப்பட்டனர். தம் நம்பிக்கையைப் பற்றி அவர் பேசும் ஒவ்வொரு சொல்லும் தமக்கு எதிரான சான்றாகத் திருப்பப்படும் சூழலில் அவர் வாழ்ந்தார் என்பதை மறக்கலாகாது. சாட்சி சொல்வதற்கு ஒரு விலை இருந்தது. அதை அவரே செலுத்தினார்.

இப்பின்புலத்தில்தான் முதலில் கண்ட ரொட்டி நிகழ்ச்சி எழுதப்படுகிறது. 1896–97இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் பரவியபோது ரமாபாய் அங்கே சென்று, நூற்றுக்கணக்கான சிறுமியரையும் இளம் விதவையரையும் அழைத்துவந்தார். அவர்களுக்காக உதவி கோரியபோது, தம் குடும்பம் கடைசி அரிசியும் தீர்ந்து காட்டில் இலைகளையும் காட்டு ஈச்சம்பழங்களையும் உண்டதை எழுதினார். தந்தை புனிதக் குளத்தில் மூழ்கி உயிர்விடத் துணிந்ததை எழுதினார். சாதிப் பெருமையால் கூலி வேலைக்கும் போக இயலாமல், பழகியிராத பிச்சைக்கும் நா எழாமல் நின்ற நிலையை எழுதினார். இதில் பழைய சமயத்தின் மீதான விமரிசனமும் உண்டு. நன்கொடையாளரை அசைக்கும் நோக்கமும் உண்டு. ஆயினும் பாட்லியின் முன்னுரைக்கும் இதற்கும் இடையில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. இப்போது கதையின் எழுவாய் ‘நான்’. மீட்கப்பட்ட சிறுமியரின் பசியைக் காட்சிப்படுத்துவதற்கு முன் அவர் தம் பசியை நடுவில் வைக்கிறார். தமக்காக ஒரு ரொட்டி கேட்க முடியாத நாணம், பிறருக்காகக் கேட்கும்போது பேச்சாக மாறிவிட்டது.

1907இல் வெளிவந்த அவரது சாட்சி நூலில் இம்மாற்றம் முழுமை பெறுகிறது. வழக்கமான சாட்சிக்கு ஓர் அச்சு உண்டு: முன்னர் இருள், பின்னர் ஒளி, நடுவில் ஒரு நாள். உலகறிந்த ரமாபாயின் திருமுழுக்கு அந்த அச்சில் பொருந்தக் கூடிய நாள். ஆனால் அவரோ, திருமுழுக்குக்குப் பின்னும் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கிறித்தவ சமயத்தைக் கண்டடைந்திருந்தேனே அன்றிக் கிறிஸ்துவைக் கண்டடையவில்லை என்னும் பொருள்பட எழுதுகிறார். அவரைப் பெருமையோடு சுட்டிக்காட்டிய திருச்சபைக்கு இது உவப்பான செய்தியன்று. மதமாற்றம் போலி என்று சொன்ன எதிர்ப்பாளர்க்கோ கையில் கிடைத்த ஆயுதம். இரு பக்கத்திலும் இழப்பு என்று தெரிந்தே சொல்லப்பட்ட இவ்வுண்மையைத்தான் நம்பிக்கையின் செயல் என்று கருதுகிறேன்.

ஆனால் இதே கேட்காவ் வளாகத்தில் இதற்கு மறுபக்கமும் உண்டு. 1905இல் முக்தி மிஷனில் எழுப்புதல் தொடங்கியது. 1904–05இன் வேல்ஸ் எழுப்புதல் செய்திகள் இந்தியாவெங்கும் பரவியிருந்த காலம் அது. வேல்ஸ் மிஷன் பணியாற்றிய காசி மலைகளிலும் அவ்வாண்டில் அதே அலை எழுந்தது. முக்தியில் சிறுமியர் கூட்டமாக அழுது, உரத்த குரலில் பாவங்களை அறிக்கையிட்டனர். அவர்களுள் பலர் பஞ்சத்தில் மீட்கப்பட்டவர்கள். உணவும் உறைவிடமும் அந்நிறுவனமே. அவர்கள் அழுகை உண்மையற்றது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பசியால் குடும்பத்தை இழந்த ஒரு சிறுமிக்கு அழுவதற்கென ஓர் இடமும் கேட்பதற்கென ஒரு கூட்டமும் கிடைத்தது சிறிய செய்தியன்று. எனினும் அவர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சித்திரம் பெரும்பாலும் மிஷன் இதழ்களிலும் மிஷனரிகளின் குறிப்புகளிலும் பிறர் வரைந்தது. ரமாபாய்க்கு 1887இல் நேர்ந்தது அச்சிறுமியர்க்கும் நேர்ந்தது. அவர் இருபதாண்டுகளில் தம் ‘நான்’ என்னும் சொல்லை மீட்டுக்கொண்டார். அவர்களுள் எத்தனை பேருக்கு அவ்வாய்ப்பு இருந்தது என்பது, ஆவணக்காப்பகத்தில் அமரும் நாம் ஒவ்வொருவரும் சுமக்க வேண்டிய கேள்வி.

மற்றொரு மராத்தியக் குரலையும் இங்கே நினைவுகூரலாம். கவிஞர் நாராயண் வாமன் திலக் 1895இல் கிறித்தவரானபோது அவர் மனைவி லட்சுமிபாய் திலக் நிலைகுலைந்தார். சில ஆண்டுகள் கணவரைப் பிரிந்து வாழ்ந்தார். பின்னர் தாமும் அச்சமயத்தை ஏற்றார். 1934 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த ‘ஸ்மிருதிசித்திரே’ என்னும் தன்வரலாற்றில் அவர் தம் சாதித் தீட்டுணர்வையும் பிடிவாதத்தையும் நகைச்சுவையோடு திறந்து வைக்கிறார். கண்ணீர் இல்லாமலும் உடைவைச் சொல்லலாம் என்பதற்கு அந்நூல் சான்று. கேட்பவர் நீதிபதியாக அல்லாமல் பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கும்போது அறிக்கையின் தொனியே மாறிவிடுகிறது.

இவற்றைத் தொகுத்தால் சாட்சியை வாசிப்பதற்கு மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. சொல்லுமாறு கேட்டவர் யார்? சொன்னதற்கான விலையைச் செலுத்துபவர் யார்? கேட்டவரும் ஒருநாள் அதே இடத்தில் நின்று தம்மைப் பற்றிச் சொல்ல இயலுமா? மூன்றாவதே யாக்கோபு நிருபத்தின் ‘ஒருவருக்கொருவர்’ என்பதன் பொருள். அந்தப் பரிமாற்றம் அறுந்துபோனால், எவ்வளவு பக்தியோடு நடந்தாலும் சாட்சி என்பது விசாரணையாகவோ விளம்பரமாகவோ முடியும்.

ரமாபாய் தம் இறுதிக் காலத்தை விவிலியத்தை மராத்தியில் பெயர்ப்பதில் செலவிட்டார். அதற்கென எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். கொல்கத்தாப் பண்டிதர்கள் ‘சரஸ்வதி’ என்று பட்டமளித்த அவர், கல்வி அதிகம் பெறாத பெண்களும் புரிந்துகொள்ளும் எளிய மராத்தியையே நாடினார். அம்மொழிபெயர்ப்பு முழுமையாக வெளிவந்தது அவர் 1922இல் மறைந்த பின்னரே. தம் உடைவுக்குச் சொல் தேடி அலைந்த ஒருவர், தம்மைப் போல் வாசலில் வாயடைத்து நிற்கக் கூடியவர்களுக்குச் சொற்களைச் சேர்த்து வைத்துவிட்டுப் போனார் என்றே இதை வாசிக்கிறேன்.

அந்த முதல் வாசலில் இன்னொருவரும் இருந்தார் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். பெயர் தெரியாத அந்த வீட்டுக்காரப் பெண் கதை கேட்கவில்லை, சான்று கேட்கவில்லை. ஒரு முகத்தைப் பார்த்துத் தேவையைப் புரிந்துகொண்டு, கேட்பதற்கான சொல்லை முதலில் தானே எடுத்துக் கொடுத்தாள். உடைவைச் சொல்வதை நம்பிக்கையின் செயல் என்றால், அவ்வாறு கேட்பதையும் அப்படித்தான் அழைக்க வேண்டும்.