காட்டுத் தீ யார் இட்ட தீ?

ஜொகூரின் தென்மேற்கு மூலையில், பூலாய் ஆற்றுக்கு அண்மையில் உள்ள ஊர் கெலாங் பாத்தா. 2019 ஆகஸ்டு மாதம் அவ்வூரைச் சேர்ந்த கம்போங் பெக்காஜாங் பக்கத்தில் காடு தீப்பற்றியது. தீயணைப்புப் படையினர் பல நாள் போராடினர். காடு எரியுங்கால் "இயற்கையின் சீற்றம்" என்பார் சிலர். "எல்லாம் விதி" என்பார் பலர். அது மெய்தானா? விடையை வரலாற்றிலேயே தேடுவோம்.

இயற்கை மூட்டும் தீயும் உண்டு. ஆஸ்திரேலியா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களின் வறண்ட காடுகளை மின்னல் பற்றவைப்பது உண்மையே. ஆனால் மலாய் நாட்டுக் காடோ மழைக்காடு. இங்கு இடியோடு மழையும் சேர்ந்தே இறங்கும். ஈரம் சொட்டும் இக்காடு தானே பற்றுவது அரிது. எல் நினோ என்னும் வறட்சி வரும் ஆண்டுகளில் விறகு உலரும். எனினும், உலர்ந்த விறகுக்கு நெருப்பு வைப்பது வேறொரு கையன்றோ?

அந்தக் கையின் கதை பழையது. 1844 முதல் தெமெங்கோங் இப்ராகிம், ஜொகூர் ஆற்றங்கரைகளைத் திருத்தச் சீன முதலாளிகளுக்கு 'சூராட் சுங்கை' என்னும் உரிமைச் சீட்டு வழங்கினார். மிளகும் காம்பிரும் பயிராயின. தோல் பதனிடவும், காசுக்கட்டி போல வெற்றிலையோடு மெல்லவும் உதவும் காம்பிரின் இலையை ஓயாது காய்ச்சவேண்டும். அவ்வடுப்புக்குச் சுற்றுக்காடே விறகாயிற்று. சில ஆண்டுகளில் மண் சத்திழந்தது. தோட்டத்தார் அடுத்த காட்டுக்குப் பெயர்ந்தனர். கைவிட்ட நிலத்தில் லாலாங் புல் மண்டியது. கோடையில் ஒரு பொறி போதும், அப்புல் பற்றி எரிய!

பின்னர் ரப்பர் வந்தது. மரங்களை வீழ்த்தி, வெயிலில் உலரவிட்டு, எரித்து, அச்சாம்பலின் மேல் கன்று நட்டனர். வீழ்த்தியோர் பல இனத்தார். அக்கன்றுகள் மரமானபின் பால் வெட்டியோருள் நம் தமிழர் பெருந்தொகையினர். ஆகவே இக்கதை நமக்கு அயலார் கதையன்று.

இன்னும் கொடியது சதுப்பு நிலத் தீ. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக இலைதழைகள் மட்கிக் குவிந்த மண்ணை மலாயர் 'தானா காம்புட்' என்பர். நீர் நிற்கும்வரை அம்மண்ணால் தீங்கில்லை. பயிருக்கென வாய்க்கால் வெட்டி நீரை வடித்தாலோ, மண்ணே விறகாகி, உமி மூட்டம்போல் உள்ளே கனன்று வாரக்கணக்கில் புகையும். மேலே அணைந்ததென்று திரும்பினால், பத்தடி தள்ளி மீண்டும் எழும்.

அப்புகைக்கு எல்லைக்கல் தெரியாது. 1997இல் சுமத்திராவிலும் கலிமந்தானிலும் நிலம் திருத்த மூட்டிய தீயின் புகை நம் வானை மூடியது. செப்டம்பர் 19ஆம் நாள் சரவாக்கில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 2013 ஜூனில், நம் ஜொகூரின் மூவாரில் காற்று மாசுக் குறியீடு 746ஐ எட்டியது. 300ஐக் கடந்தாலே ஆபத்து என்பது கணக்கு. 2002இல் ஆசியான் நாடுகள் புகையைத் தடுக்க உடன்படிக்கை செய்தன. இந்தோனேசியா அதனை ஏற்று உறுதிசெய்தது 2014இல்தான். பன்னிரண்டு ஆண்டுகள்!

இவற்றால் நாம் அறிவது யாது? வறட்சி இயற்கையின் செயல். தீயோ பெரும்பாலும் மனிதன் செயல். எரிப்பது மலிவான வழி என்போர்க்கு அது மலிவாயிருப்பதேன்? அதன் விலையை வேறொருவர் கொடுப்பதனால் அன்றோ! இலாபம் ஒருவர் பெட்டியில். புகை லயத்துக் குழந்தையின் நெஞ்சில். விதி என்று நாம் வாளாவிருப்பின் தீயிட்டவன் தப்பிவிடுவான். அவனைச் சட்டத்தின்முன் நிறுத்தக் கேட்போம். அதற்குமுன், நம் வீட்டுப் பின்புறம் குப்பைக்குத் தீ மூட்டும் நம் கையையும் நிறுத்திக்கொள்வோம்.